யானையின் நாலாவது தும்மல்

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலைக்கு அந்த பேக்கிங் மெஷின் வந்து இறங்கிய அன்று, அதோடு வந்த தடி மேனுவல் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த மேனேஜருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அட்டை முதல் அட்டை வரை ஸ்பானிஷ். மெஷின் புதிதில்லை, இரண்டு கை மாறி வந்தது. வேறு மொழியில் புத்தகம் உண்டா என்று விற்றவரைக் கேட்டதற்கு, "மெஷின் ஓடுதுல்ல, புத்தகம் எதுக்கு சார்?" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். மெஷின் ஓடவில்லை என்பதைச் சொல்லக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை.

"குடுங்க சார், நான் பாக்கறேன்" என்று அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டவள் அக்கா. அப்போது அவள் எங்கள் ஷிஃப்டின் சூப்பர்வைசர்.

"உனக்கு ஸ்பானிஷ் தெரியுமாம்மா?" என்றார் மேனேஜர்.

"தெரியாது சார். இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி இந்த மெஷினும்தான் தெரியாது."

அகராதி ஒன்றை வாங்கினாள். மெஷினின் ஒவ்வொரு மூடியிலும் விசையிலும் ஸ்பானிஷ் பெயரை எழுதி ஒட்டினாள். பக்கத்தில் தமிழிலும் ஒட்டினாள். ஒரு பருவம் கழிவதற்குள் மெஷின் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. மேனேஜர் தொடங்கி வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் "மேனுவல் அக்கா" ஆனாள். நான் அதே கூடத்தில் எடை மேசையில் உட்கார்கிறவள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கன்வேயர்தான் ஓடும். அதனால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி டீ நேரத்தில் அவள் வாயால் கேட்டது.

மெஷின் புத்தகத்தில் கற்ற மொழி எப்படி இருக்கும்? அக்காவின் ஸ்பானிஷ் முழுக்கக் கட்டளையாகவே இருந்தது. திறக்கவும். மூடவும். கையை நுழைக்காதீர்கள். சத்தம் வந்தால் உடனே நிறுத்தவும். வீட்டில் அதை நாத்தனார்மீது பழகிப் பார்ப்பாள். அவள் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாய் நீளம். "அண்ணி, நான் மனுஷியா, கம்ப்ரெஸரா? முதல்ல அத முடிவு பண்ணுங்க" என்பாளாம். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டுக்கு வந்ததும் மனைவி தங்கையை ஸ்பானிஷில் அதட்டுவதைக் கேட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் நம்பரைப் பார்த்ததாக இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புத்தகத்துக்கு அடங்காத கோளாறு வந்தால் மெஷின் செய்த கம்பெனிக்கு ஃபோன் போட வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அந்தக் கம்பெனி. நமக்குச் சாயங்காலம் என்றால் அவர்களுக்குக் காலை. உதவி எண்ணில் ஒரு பெண் எடுப்பாள். எடுத்ததும் கடகடவென்று பொரிந்து தள்ளுவாள். முதல் தடவை அக்காவுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனாலும் அசரவில்லை. தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில், "வேகத்தைக் குறைக்கவும்" என்றாள். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் இருவருக்கும் சிநேகம் பிடித்தது.

பின்னணியில் நாங்கள் "மேனுவல் அக்கா! மேனுவல் அக்கா!" என்று கத்துவது அந்த உதவிப்பெண்ணுக்கும் கேட்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்: "யாரு அந்த மனுவேல்? எப்பப் பாரு அவரையே கூப்பிடறாங்க. உன் வீட்டுக்காரரா?" அவள் ஊரில் அது ஆண்பிள்ளைப் பெயராம். "நான்தான் அந்த மனுவேல்" என்று அக்கா சொன்னதும், அந்தப் பெண் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் வழியாக எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது.

இப்படி இருக்கையில் ஒருநாள், உறை ஒட்டுகிற சூட்டுத் தகடு மக்கர் பண்ணியது. அக்கா ஃபோன் போட்டாள். உதவிப்பெண் எடுத்தாள், ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. மகளுக்குக் காய்ச்சல், வீட்டில் விட ஆள் இல்லை, ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தகட்டின் வரைபடத்தைத் தேட அவள் எழுந்து போக வேண்டும், குழந்தையோ மடியைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"ஃபோனைப் பாப்பாகிட்ட குடுத்துட்டு நீ போ" என்றாள் அக்கா.

குழந்தையிடம் பேச அவளிடம் என்ன இருந்தது? எங்கள் தெரு முனைப் பல் டாக்டரின் யானை இருந்தது.

அந்த டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லைக் குடையும்போது குழந்தைகள் அழாமலிருக்கக் கதை சொல்கிறவர். ஒரு பல் அடைக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவுதான் அவர் கதை நீளம். அந்தக் கதைகளை ஒல்லியான புத்தகமாக அச்சடித்து, காத்திருக்கும் அறையில் அடுக்கியிருந்தார். எங்கள் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். அதில் முதல் கதை, யானைக்குத் தும்மல் முட்டிக்கொண்டு நிற்பது. வருகிற மாதிரி இருக்கும், வராது. காட்டில் குரங்கு கிளையைப் பிடித்துக்கொள்ளும், குருவி கூட்டை இறுக அணைத்துக்கொள்ளும், எல்லோரும் காத்திருப்பார்கள், தும்மல் மட்டும் வராது. கடைசியில் ஓர் எறும்பு, "நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று தும்பிக்கைக்குள் நுழையும். அப்புறம் பார்க்க வேண்டுமே! முதல் தும்மலில் இலையெல்லாம் உதிரும், காடே "நூறு!" என்று வாழ்த்தும். இரண்டாவதில் குரங்கு பறக்கும், "இருநூறு!" மூன்றாவது, "முந்நூறு!" நாலாவது, "நானூறு!" எல்லோரும் விழுந்து எழுந்து பார்த்தால் எறும்பைக் காணோம். எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது. ஒருவேளை உள்ளேயே இருந்தால்? அதனால் அந்த யானை இன்றைக்கும் மெதுவாகத்தான் மூச்சு விடுகிறது. இதுதான் கதை.

இந்தக் கதையை அக்கா ஃபோனில் தனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷில் சொன்னாள். தும்பிக்கைக்குச் சொல் தெரியாது, குழாய் என்றாள். "யானையே, தும்மலை வெளியேற்றவும். அனைவரும் பாதுகாப்பான தூரத்தில் நிற்கவும். எறும்பே, குழாயினுள் கவனமாக நுழையவும்." அந்தப் பக்கம் சிணுங்கல் நின்றது. பிறகு ஒரு கிளுகிளுப்பு. வரைபடத்தோடு உதவிப்பெண் திரும்பி வந்தபோது குழந்தை ஃபோனைக் கொடுக்க மறுத்துவிட்டது. தகடு சரியாக வெகுநேரம் ஆயிற்று, அதற்குள் அந்த யானைக் கதை மூன்று தடவை ஓடி முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு மெஷின் கெடாத நாளிலும் ஃபோன் வரத் தொடங்கியது. "பாப்பா கேக்கறா, இன்னொரு கதை இருக்கான்னு." டாக்டர் புத்தகத்தில் கதைக்கா பஞ்சம்?

உதவிப்பெண்ணின் பள்ளித் தோழி ஒருத்தி சின்னதாகக் குழந்தைப் புத்தகங்கள் பதிப்பிக்கிறவள். பாப்பா வாய்க்கு வாய் அந்த யானைக் கதையைச் சொல்லித் திரிவதைக் கேட்டு அவள் அக்காவுக்கு மெயில் போட்டாள். அந்தப் புத்தகம் முழுவதையும் ஸ்பானிஷில் தர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"உனக்கு என்ன தோணுது?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"அக்கா, நீ படிச்சது மெஷினுக்கான ஸ்பானிஷ். புத்தகம்னா ஊரே பாக்கும்" என்றேன். எனக்கு உள்ளூரப் பயம்.

"பாக்கட்டுமே. பாக்கத்தானே புத்தகம் போடறாங்க?"

டாக்டரிடம் அனுமதி கேட்கப் போனாள். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. எழுத்தாளர் ஆயிற்றே! "தாராளமா செய்யும்மா. ஒரே ஒரு நிபந்தனை. ஒரு வார்த்தை மாறக்கூடாது" என்றார்.

"எல்லா வார்த்தையும் மாறும் டாக்டர். ஸ்பானிஷ்ல எழுதப் போறோம்" என்றாள் அக்கா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான். ஆனா அர்த்தம் மாறக்கூடாது" என்று இறங்கி வந்தார்.

வீட்டில் துணி தேய்க்கும் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அதில்தான் வேலை. உச்சரிப்பைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. "அவங்களுக்கு ரெண்டு ர இருக்காம், வெளிநாட்டுக்காரங்க திணறிப் போயிடறாங்களாம். நமக்கு ரெண்டு ர புதுசா? ஞ வேற இருக்கு. எல்லாம் நம்ம வீட்டுச் சாமான்" என்பாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய கேள்விக்குறி. வாக்கியம் தொடங்கும்போதே தலைகீழாக ஒன்று போட்டுவிடுகிறார்கள். "சத்தமா வாசிக்கிறவங்களுக்கு எவ்வளவு வசதி பாரு. கேள்வி வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சுடுது, குரலை ஏத்திக்கலாம். நம்ம ஆளுங்க கடைசி எழுத்து வரைக்கும் விட்டுப் பிடிக்கிறாங்க."

முழுப் புத்தகத்தையும் முடித்து அனுப்பினாள். பதிப்பாளரின் பதில் வந்தது: "இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வாசித்தால் தீயணைப்புப் பயிற்சி நடத்துகிற மாதிரி இருக்கிறது."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கரெக்டா சொல்லிட்டாப்பா! ஆளு கெட்டிக்காரி. இவளோட வேலை செய்யலாம்."

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மெஷினோடு பேசுகிற ஸ்பானிஷ் கைவசம் இருக்கிறது. பிள்ளையோடு பேசுகிற ஸ்பானிஷ் அம்மாக்களிடம்தான் இருக்கும். உதவிப்பெண்ணிடம் சொன்னாள்: "இனிமே ஃபோனை மேசைல வெச்சுட்டு உன் பாட்டுக்குப் பாப்பாவத் திட்டு, கொஞ்சு, சோறு ஊட்டு. நான் கேட்டுக்கறேன்." அவளும் விளையாட்டாக ஒத்துக்கொண்டாள்.

அப்படி ஒட்டுக்கேட்டதில் கிடைத்தவைதான் எத்தனை! நாம் எதைக் கொஞ்சினாலும் 'குட்டி' என்று ஒட்டுகிறோம். அவர்கள் 'ஈதோ', 'ஈதா' என்று ஒட்டுகிறார்கள். எறும்புக்கு 'ஓர்மிகா', எறும்புக்குட்டிக்கு 'ஓர்மிகீதா'. அந்தச் சொல்லை வாயில் போட்டு மிட்டாய் மாதிரி சுவைத்துக்கொண்டே இரண்டு நாள் கன்வேயர் ஓரம் நடந்தாள்.

இன்னொன்று. டாக்டர் கதையில் எருமை ஒன்று அலுத்துக்கொள்ளும்: "தும்மலாவது கிம்மலாவது, போய் வேலையப் பாருங்க." இந்தக் 'கிம்மலை' என்ன செய்வது? அகராதி என்ன செய்யும், பாவம். ஒருநாள் ஃபோனில் பாப்பா பள்ளிக்கூடம் போக மாட்டேன், காய்ச்சல் என்கிறாள். அம்மாவோ, "என்ன காய்ச்சல், என்ன எட்டு அறை!" என்று கத்துகிறாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எட்டு அறையா? உங்க வீட்ல எட்டு ரூமா இருக்கு?"

"எட்டு ரூம் இருந்தா நான் ஏன் வேலைக்குப் போறேன்? அது சும்மா சொல்றது. அப்படி ஒண்ணுமே இல்ல, நடிக்காதேன்னு அர்த்தம்."

அக்கா ஃபோனை வைத்துவிட்டு எங்கள் கூடத்தின் நடுவில் நின்று கைதட்டினாள். "கெடச்சுடுச்சு! காய்ச்சலாவது கீச்சலாவது!" அந்தக் கணம் அவள் முகம் பளபளத்ததைப் பார்த்து, மேனேஜர் புது ஆர்டர் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்.

ஆனால் மலை மாதிரி நின்றது அந்த 'நூறு'தான். நம் ஊரில் பிள்ளை தும்மினால் நூறு என்போம், நூறு வயது இருக்கட்டும் என்று அர்த்தம். ஸ்பானிஷில் 'நூறு' என்று எழுதினால் நூறு என்றுதான் படிப்பார்கள். யானை தும்மியதும் காடே ஏன் கணக்குப் பாடம் நடத்துகிறது என்று குழந்தைகள் விழிக்கும். அடியில் குறிப்புப் போடலாம் என்றாள் பதிப்பாளர். "குறிப்பைப் படிச்சுட்டுச் சிரிக்கிற குழந்தைய நான் பாத்ததில்ல" என்று அக்கா மறுத்துவிட்டாள்.

உதவிப்பெண்ணிடம் கேட்டாள்: உங்கள் ஊரில் யாராவது தும்மினால் என்ன சொல்வீர்கள்? முதல் தும்மலுக்கு 'சலூத்', அதாவது ஆரோக்கியம். இரண்டாவதுக்கு 'தினேரோ', பணம். மூன்றாவதுக்கு 'அமோர்', அன்பு. அவ்வளவுதான், மூன்றோடு சரி. நாலாவது தும்முகிறவருக்கு ஒன்றும் கிடையாது.

நம் யானைதான் நாலு தும்முகிறதே!

அதை வைத்துக்கொண்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உலாத்தினாள். தும்மித் தும்மிப் பார்த்தாள். "அண்ணி, ஒண்ணு ஆவி பிடிங்க, இல்ல ஆளை விடுங்க" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது அவளுக்கும் உண்மையாகவே ஒரு தும்மல் வந்துவிட்டது. கைப்பையைத் துழாவி மூக்கைத் துடைத்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு ஓடிப்போய் மேசையில் எழுதினாள். நாலாவது தும்மலுக்கு எழுதிய சொல்: 'பஞ்ஞுவேலோ!' கைக்குட்டை!

டாக்டரிடம் காட்ட வேண்டுமே. எடுத்துக்கொண்டு போனாள். நானும் கடைவாய்ப் பல்லைக் காட்டுகிற சாக்கில் கூடப் போனேன்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் எறும்பில் சிக்கியது. "அவள்னு வருதே? என் எறும்பு ஆணும் இல்ல பொண்ணும் இல்ல. அது எறும்பு" என்றார் டாக்டர்.

"அவங்க பாஷைல எறும்பு பொண்ணுதான் டாக்டர். மேசை பொண்ணு. நாற்காலி பொண்ணு."

"பல்லு?"

"முன்பல் ஆம்பளை. கடைவாய்ப் பல் பொண்ணு."

டாக்டர் என் வாயை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப ஒரே வாய்க்குள்ள ஒரு குடும்பமே நடக்குது" என்றார். எறும்பு தப்பித்தது.

நூறில் வந்து கதவு சாத்திக்கொண்டது. "ஆரோக்கியம், பணம், அன்பா? என் காட்டுக்குள்ள பணம் எங்கேருந்து வந்தது? முடியாது. நூறு, இருநூறுன்னு ஏறிக்கிட்டே போறதுலதான் என் கதை நிக்குது."

"டாக்டர், பல்லு விழுந்த இடத்துல நீங்க என்ன வெக்கிறீங்க? அதே பல்லையா?"

"அதே பல்லு எப்படிம்மா நிக்கும்? அளவெடுத்து, கடிச்சுப் பாக்கச் சொல்லி, அந்த வாய்க்குப் பொருந்துறதா வேற பல்லு கட்டுவோம்."

அக்கா 'நூறு' வருகிற பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். டாக்டர் தாடையைத் தடவினார். "சரி, அப்ப நாலாவது தும்மலுக்கு? அங்க ஏறணுமே? மூணுலதான் நின்னு போகுதே?"

"கைக்குட்டை."

டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகமூடிக்குள்ளிருந்து புஸ்ஸென்று சிரிப்பு கிளம்பியது. "கைக்குட்டை!" என்று அவரே ஒருதடவை சொல்லிப் பார்த்தார். "இது எனக்கே தோணாம போச்சே. தமிழ்லயும் மாத்திடலாமா?"

"தமிழ்ல வேண்டாம் டாக்டர். அங்க நானூறுதான் அழகு."

அத்தோடு முடிந்திருந்தால் வெற்றி முழுக்க அக்காவுடையது. ஆனால் கடைசி வரியில் டாக்டர் விரலை வைத்தார். யானை மெதுவாக மூச்சு விடுவதற்குப் பிறகு அக்கா ஒரு வரி சேர்த்திருந்தாள்: எறும்பு பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது என்று. உதவிப்பெண்ணின் மகள் ஒவ்வொரு தடவையும் எறும்பை நினைத்துக் கலங்குகிறாள் என்று சேர்த்தது.

"இது என் வரி இல்லம்மா" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. "என் நாற்காலில உக்கார்ற குழந்தை எல்லாம் இந்த எடத்துல என்ன பண்ணும் தெரியுமா? அதுவும் மெதுவா மூச்சு விடும். எறும்பு வீட்டுக்குப் போயிட்டா, யானை யாருக்காக மெதுவா மூச்சு விடணும்?"

அக்கா பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். "நீங்க சொல்றதுதான் சரி. அவ அழுதா அழட்டும், நான் சமாதானம் பண்ணிக்கறேன்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "மனுஷன் எழுதத் தெரிஞ்சவர்டி" என்றாள். என் கடைவாய்ப் பல்லை யாருமே பார்க்கவில்லை.

புத்தகம் அச்சாகி வந்தது. யானையின் தும்பிக்கை முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டை வரை நீண்டிருந்தது. பதிப்பாளர் அத்தோடு விடவில்லை. அங்கே நூலகத்தில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட நேரில் வர வேண்டும் என்று டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள். மேனேஜர் விடுப்பு தந்தார். கூடவே, "எப்படியும் அந்த ஊருக்குத்தானே போறே? வரும்போது நம்ம மெஷினுக்கு வெட்டுக்கத்தி ரெண்டு வாங்கிட்டு வந்துடும்மா" என்றார்.

"கத்தியோட என்னை ஃப்ளைட்ல ஏத்துவாங்களா சார்?"

"அப்ப பெல்ட்டாவது."

அக்கா வாசித்ததை உதவிப்பெண் வீடியோ எடுத்து அனுப்பினாள். நாங்கள் எல்லோரும் டீ நேரத்தில் ஒரே ஃபோனைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். பெரிய கூடம், தரையில் பாய். பாய் முழுக்கக் குழந்தைகள், பின்னால் சுவரோரம் பெற்றோர்கள். தொடங்கியதும் மைக் செத்துப் போயிற்று. ஒருவர் ஓடி வந்து வயரைத் திருகினார், தட்டினார். அக்கா அவரைக் கையமர்த்திவிட்டுப் புத்தகத்தை விரித்தாள். வருஷக்கணக்கில் மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. மைக் எதற்கு? முதல் வரியிலேயே கடைசிச் சுவர்வரை நிமிர்ந்து உட்கார்ந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், நடுவில் ஓரிடம் விழுந்தது. குரங்கு கிளையைப் பிடிக்கிற இடத்தில் அவள் எதிர்பார்த்து நிறுத்தினாள், ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. அவள் தயங்கவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே போனாள். பிறகு கேட்டபோது, "எல்லா பாக்கெட்டும் நேரா ஒட்டுமா? ஒண்ணு கோணினா லைனை நிறுத்துவியா?" என்றாள்.

எறும்பு உள்ளே போனது. அக்கா மூச்சை இழுத்தாள், புத்தகத்தைக் கீழே வைத்தாள், உடம்பு முழுக்க ஆட ஒரு தும்மல் போட்டாள். சுவரோரம் நின்ற ஒரு தாத்தா பழக்க தோஷத்தில் "சலூத்" என்றார். கூடம் கொல்லென்றது. இரண்டாவது தும்மலுக்குக் குழந்தைகள் அவளை முந்திக்கொண்டு "தினேரோ!" என்றன. மூன்றாவதுக்கு மொத்தக் கூடமும் "அமோர்!" நாலாவது தும்மல் வந்தது. யாருக்கும் அடுத்தது தெரியாது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அந்த மௌனத்தை அவள் அவசரப்படாமல் வைத்திருந்தாள். பிறகு கையை நீட்டி, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "பஞ்ஞுவேலோ!"

குழந்தைகள் பாயில் உருண்டன. ஒரு பையன் உண்மையாகவே தன் கைக்குட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் அதை வாங்கி யானை மாதிரி மூக்கைச் சிந்துவதாகப் பாவனை செய்ததும் பெரியவர்களும் விழுந்து சிரித்தார்கள். இங்கே நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம். எங்களில் பாதிப் பேருக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

கடைசிப் பக்கம் வந்தது. எறும்பைக் காணோம். முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "ஓர்மிகீதா எங்க போச்சு?"

"எனக்குத் தெரியாதுடா கண்ணு" என்றாள் அக்கா. "யானைக்கும் தெரியாது. அதனாலதான் அது இப்படி மூச்சு விடுது." சொல்லிவிட்டு மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். அந்தப் பெண்ணும் இழுத்து விட்டாள். பக்கத்திலிருந்தவன் செய்தான். பிறகு அந்தக் கூடமே, சத்தமில்லாமல், ஏதோ மெல்லிய ஒன்று கலைந்துவிடுமோ என்பதுபோல மூச்சு விட்டது. வீடியோவில் அது வெகுநேரம் ஓடுகிறது. ஒருவரும் கைதட்டவில்லை. தட்டினால் எறும்புக்கு ஆகாதே.

கூட்டம் முடிந்ததும் பெற்றோர்கள் வரிசையில் நின்று வாங்கியதில் நூலகத்திலேயே புத்தகங்கள் தீர்ந்தன. பதிப்பாளர் அக்காவைக் கட்டிக்கொண்டு, அடுத்த புத்தகமும் நீதான் என்றாள். அக்கா அங்கேயே, கைக்குட்டை கையோடு, பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

"செய்யறேன். ஆனா என் பேரு உள்ள மூணாவது பக்கத்துல எறும்பு சைஸ்ல இருக்கு. அது அட்டைக்கு வரணும்."

"எங்க பதிப்பகத்துல அப்படி ஒரு பழக்கம் இல்லையே."

"பழக்கம் இல்லன்னா பழகிக்கலாம். உங்க ஊர்க் குழந்தைங்க இன்னைக்குச் சிரிச்ச ஒவ்வொரு வார்த்தையும் நான் பொறுக்கினது."

பதிப்பாளர் யோசிக்க நேரம் கேட்டாள். அக்காவும் கொடுத்தாள். அவள் ஊர் வந்து சேர்வதற்குள் சரி என்று மெயில் வந்துவிட்டது. இரண்டாம் பதிப்பில் டாக்டர் பெயருக்குக் கீழே அவள் பெயர் அதே அளவு எழுத்தில் இருக்கிறது. டாக்டர் தம் அறையில் இரண்டு பதிப்பையும் வைத்திருக்கிறார், ஆனால் வருகிறவர்களிடம் இரண்டாவதைத்தான் எடுத்துக் காட்டுகிறார். மெஷினுக்கு பெல்ட் வந்தது. கத்தி கப்பலில் வருகிறது.

இப்போது அக்கா காலை ஷிஃப்ட் மட்டும்தான் வருகிறாள். மதியத்துக்கு மேல் ஜன்னலோர மேசை. கையில் இருப்பது டாக்டரின் புதுக் கதை. அதில் ஒரு கரடி வருகிறது. யார் கதை சொன்னாலும் 'ம்' கொட்டும். அந்தக் கரடிக்கு வேறு பேச்சே கிடையாது. ஒரு 'ம்' ஆமாம் என்று, ஒன்று அப்படியா என்று, ஒன்று போதும் நிறுத்து என்று, ஒன்று எனக்குத் தூக்கம் வருகிறது என்று. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பேச முடியாமல் தொண்டையாலேயே பதில் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து டாக்டருக்கு வந்த யோசனையாம். ஸ்பானிஷ்காரர்கள் 'அஹா' என்று கேட்டுக்கொள்கிறார்கள். அது இரண்டு 'ம்'முக்குத்தான் தாங்குகிறது, மற்றதற்கு வேறு சத்தம் தேட வேண்டும்.

நேற்று டீ நேரத்தில் எங்களை எல்லாம் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு மாதிரி 'ம்' சொல்லச் சொன்னாள். அங்கே ராத்திரி. ஆனாலும் உதவிப்பெண் தூங்காமல் ஃபோனில் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அவள் ஊர்ச் சத்தத்தைச் சொல்லிப் பார்த்தாள். வாசல் காவலரின் 'ம்' இருவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே, அப்படியே, மாத்தாம" என்று ஃபோனை அவர் வாயருகே நீட்டிக்கொண்டு நின்றாள் அக்கா.